அப்பார்ட்மென்ட் வளாகத்தில் பெரியவர்களுக்குக் கல் பெஞ்ச்: இடம் பார்ப்பதிலிருந்து கைப்பிடி வரை

ஊரிலிருந்து பெற்றோரைப் பெங்களூருக்கு அழைத்து வந்த பல வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் அப்பாவும் அம்மாவும் மாலையில் கீழே இறங்கி நடப்பார்கள். இரண்டாவது மாதம் பால்கனியோடு நிறுத்திக்கொள்வார்கள். கேட்டால் "முட்டி வலிக்குது" என்பார்கள். வலி உண்மைதான். ஆனால் நடுவில் இரண்டு நிமிடம் உட்கார ஓர் இடம் இருந்திருந்தால், அதே முட்டியோடு இன்னும் நடந்துகொண்டிருப்பார்கள்.

ராமமூர்த்தி நகர் பக்கம் எங்கள் வளாகத்திலும், அப்புறம் நண்பர்கள் கூப்பிட்டு வேறு இரண்டு வளாகங்களிலும் கல் பெஞ்ச் போடும்போது கூடவே நின்று வேலை வாங்கியிருக்கிறேன். மொத்தம் ஒன்பது பெஞ்ச். அதில் இரண்டைப் பெயர்த்து மறுபடி வைக்க வேண்டியிருந்தது. எல்லோரும் செய்யும் முதல் தவறு ஒன்றேதான்: காலி இடத்தைப் பார்த்துப் பெஞ்ச் போடுகிறார்கள். மூச்சு வாங்கும் இடத்தைப் பார்த்துப் போட வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: டேப், சாக்பீஸ், கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி நான்கு, கட்டடத்தின் பிளம்பிங் வரைபடம், பேஸ்மென்ட் வரைபடம், ஆறு வார அவகாசம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். செப்டம்பர், அக்டோபர் மழையில் குழி வெட்டினால் தண்ணீர் இறைப்பதே வேலையாகிவிடும்.

1. ஒரு பெரியவரோடு நடந்து பாருங்கள்

சாக்பீஸைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் நடங்கள். "களைப்பா இருக்கா?" என்று கேட்க வேண்டாம். இல்லை என்றுதான் சொல்வார்கள். எங்கே நிற்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள்.

என் அம்மா ஜெனரேட்டர் அறையைத் தாண்டியதும் நிற்பார். அங்கே ஒரு செம்பருத்திச் செடி. மொட்டு விட்டிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார், ஓர் இலையைத் திருப்பிப் பார்ப்பார், பூச்சி அரித்திருக்கிறது என்பார். மூன்று நாளும் அதே செடி, அதே இலை. நான்காவது நாள்தான் அவருடைய இடது கை சுவரில் ஊன்றியிருப்பது என் கண்ணில் பட்டது.

பெரியவர்கள் களைப்பை இப்படித்தான் மறைப்பார்கள். சிலர் ஃபோனை எடுத்துப் பார்ப்பார்கள், சிலர் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்வார்கள், சிலர் வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுப்பார்கள். நின்ற இடத்தில் எல்லாம் தரையில் ஒரு கோடு போடுங்கள். குறைந்தது மூன்று பேரோடு, காலையிலும் மாலையிலும் நடக்க வேண்டும். ஒருவரை மட்டும் பார்த்து முடிவு செய்தால் அது அவருக்கான பெஞ்சாகத்தான் அமையும்.

நாலைந்து நாளில் கோடுகள் இரண்டு மூன்று இடங்களில் குவிவதைக் காண்பீர்கள். சரிவுப் பாதையின் மேல்முனை, குப்பைத் தொட்டி போகும் வழியின் பாதி, வாடகைக் கார் வந்து நிற்கும் கேட் ஓரம் ஆகியவை அநேகமாக அதில் இருக்கும். ஆட்கள் நடமாடும் பாதையில் 50 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் இருக்கை வேண்டும் என்று பிரிட்டன் அரசின் நடைபாதை வழிகாட்டி சொல்கிறது. நான் போட்ட கோடுகளும் ஏறக்குறைய அந்த இடைவெளியில்தான் விழுந்தன.

2. இரண்டு வாரம் நாற்காலி போட்டு வையுங்கள்

கல்லை ஒருமுறை நட்டால் நகர்த்த முடியாது. அதனால் கோடு விழுந்த இடங்களில் முதலில் பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள். இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், பின்னால் வருத்தப்படுவதும் இதற்காகத்தான்.

நாற்காலியில் யார் உட்கார்கிறார்கள் என்பதைவிட, அதை எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்பதைப் பாருங்கள். நான் தோட்டத்தைப் பார்த்து வைத்த நாற்காலி இரண்டே நாளில் கேட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மறுபடி தோட்டப் பக்கம் வைத்தேன். மறுநாள் காலை மறுபடி கேட் பக்கம். பெரியவர்களுக்குப் பூவைவிட, வருகிற போகிற ஆட்களைப் பார்ப்பதில்தான் விருப்பம்.

இரண்டு நாற்காலியைப் பக்கம் பக்கமாக வைத்தால், சிலர் ஒன்றை லேசாகத் திருப்பி எதிரெதிர் மூலையாக்கிக்கொள்வார்கள். காது கொஞ்சம் மந்தமானவர்கள் எதிராளியின் முகத்தைப் பார்த்தால்தான் பேச்சைப் பிடிக்க முடியும். அப்படி நடந்தால், அந்த இடத்தில் ஒரே நீளப் பெஞ்சுக்குப் பதிலாகக் குறுகிய இரண்டை ‘ட’ வடிவில் போட வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

3. வெயிலும் மரமும்

பெங்களூரில் ஏப்ரல் மாதப் பகல் 34, 35 டிகிரி தொடும். நேர் வெயில் வாங்கிய கருங்கல் மாலை ஆறு மணிக்கும் சுடும். கட்டடத்தின் நிழல் மாலையில் கிழக்குப் பக்கம் விழுவதால், மாலை நடைக்காரர்களின் பெஞ்ச் கட்டடத்துக்குக் கிழக்கே இருக்கட்டும். டிசம்பர், ஜனவரிக் காலைக் குளிருக்கு இளவெயில் படும் பெஞ்ச் ஒன்றும் வேண்டும். கிழக்குப் பக்கமே அதற்கும் உதவும்.

மர நிழல் நல்லதுதான், எந்த மரம் என்று பார்க்க வேண்டும். தென்னைக்குக் கீழே கூடவே கூடாது. காயும் மட்டையும் விழும். தூங்குமூஞ்சி, குல்மொஹர் இரண்டும் ஏப்ரல், மே மாதக் காற்று மழையில் கிளை ஒடிந்து விழுபவை. பெரிய கிளைக்கு நேர் கீழே வேண்டாம். புங்கை நல்ல நிழல், அடர்த்தியும் அளவானது. இரவில் காக்கை அடையும் மரமா என்று தரையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

4. தரைக்கு அடியில் என்ன இருக்கிறது?

இங்கே தவறினால் செலவு பெரிது. இன்றைய பெங்களூர் அப்பார்ட்மென்ட்களில் நாம் தரை என்று நினைத்து நடப்பது பல இடங்களில் பேஸ்மென்ட் பார்க்கிங்கின் கூரை. அதன் மேல் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இருக்கும். அங்கே குழி வெட்டினாலோ, ஆணி போட்டு இறுக்கினாலோ, அடுத்த மழையில் கீழே நிற்கும் கார் மேல் தண்ணீர் சொட்டும்.

பேஸ்மென்ட் எங்கே முடிகிறது என்பதை வரைபடத்தில் பார்த்து, சுவர் ஓரம் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். அதன் மேல்தான் பெஞ்ச் வர வேண்டும் என்றால் கல்லை விட்டுவிடுங்கள். இரும்புச் சட்டமும் மரப் பலகையுமாக எடை குறைந்த பெஞ்ச் செய்து, காலுக்கு அடியில் அகலமான தகடு கொடுத்து, துளை போடாமல் வையுங்கள்.

வெறும் மண் உள்ள இடத்திலும் கழிவுநீர்க் குழாய், போர்வெல் குழாய், விளக்குக் கம்பங்களுக்கான கேபிள் எல்லாம் ஓடும். வரைபடத்தை முழுக்க நம்பாமல், வளாகத்தில் நீண்ட நாளாக வேலை பார்க்கும் பிளம்பரைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக் கேளுங்கள். காகிதத்தில் ஏறாத இரண்டு மூன்று குழாயாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

5. அனுமதி

வளாகத்தின் பொது இடத்தில் எல்லா வீட்டாருக்கும் பிரிக்கப்படாத பங்கு உண்டு. ஆகவே குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி வாங்கிவிடுங்கள். வாய் வார்த்தையில் ஆரம்பித்தால், பாதி வேலையில் யாராவது ஒருவர் நிறுத்துவார். நாற்காலி வைத்து எடுத்த இரண்டு வாரப் படங்களைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

உயரமான கட்டடமாக இருந்தால், தீயணைப்பு வண்டி சுற்றி வர 6 மீட்டர் அகலப் பாதை விட வேண்டும் என்பது தேசியக் கட்டட விதி. அந்த அகலத்துக்குள் பெஞ்சின் மூலைகூட நுழையக் கூடாது.

"டிரைவர், டெலிவரி ஆட்கள் எல்லாம் வந்து உட்காருவார்கள்" என்று ஓர் எதிர்ப்பு நிச்சயம் வரும். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: உட்காரட்டும். மூன்று மாடி ஏறி இறங்கிய வேலைக்கார அம்மாவுக்கும் முட்டி வலிக்கும். யாரெல்லாம் உட்காரலாம் என்று போர்டு வைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேட்டுக்கு வெளியே நடைபாதையில் வைக்க நினைத்தால், அது மாநகராட்சியின் இடம். 2025 செப்டம்பரிலிருந்து பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாகிவிட்டது. உங்கள் தெரு எதில் வருகிறது என்று பார்த்து அங்கே எழுத்தில் கேட்க வேண்டும். நடைபாதையில் ஆள் நடக்க 1.8 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது, சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவு. பெஞ்ச் போட்ட பிறகும் அது மிஞ்ச வேண்டும். நம் ஊர் நடைபாதை பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடிதான் என்பதால், அதன் மேல் கல் ஏற்றுவதும் ஆபத்து. இதைவிட நல்ல வழி, காம்பவுண்டுச் சுவரைக் கேட் ஓரம் இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டி, நம் நிலத்திலேயே தெருவைப் பார்த்து ஓர் இருக்கை விடுவது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர் அப்படித் திண்ணை மாதிரி விட்டிருக்கிறார். காய்கறி வாங்கி வரும் எல்லோரும் அங்கே பையை இறக்கி வைக்கிறார்கள்.

6. அளவு எடுப்பது

கல் கடையில் 18 அங்குல உயரம்தான் வழக்கம் என்று சொல்வார்கள். அது சுமார் 45 செ.மீ. அதை ஏற்பதற்கு முன், உட்காரப் போகிறவர்களின் காலை அளந்து பாருங்கள். செருப்புப் போட்டபடி நாற்காலியில் உட்கார வைத்து, தரையிலிருந்து முட்டி மடிப்பின் உட்புறம் வரை டேப் பிடியுங்கள். என் அம்மாவுக்கு 39 செ.மீ. எதிர்வீட்டுப் பெரியவருக்கு 46. அவருக்கு வசதியான பெஞ்சில் அம்மாவின் கால் தொங்கும், தொடைக்கு அடியில் அழுத்தி மரத்துப் போகும். அம்மாவுக்கு வசதியான பெஞ்சிலிருந்து அவரால் எழுந்திருக்க முடியாது.

அதனால் எல்லாப் பெஞ்சையும் ஒரே உயரத்தில் போடாதீர்கள். ஒன்று 42, ஒன்று 47 என்று வைத்தால், அவரவர் பெஞ்சை அவரவர் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கிராமத்துச் சுமைதாங்கிக் கல்லை, தலைச்சுமையைத் தூக்கிவிட ஆள் இல்லாமலே இறக்கி ஏற்றும் உயரத்தில் நட்டிருப்பார்கள். உடம்பை வைத்துத்தான் கல்லை அளக்க வேண்டும்.

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில் நானே தவறினேன். முதல் பெஞ்சில் மண்ணிலிருந்து 45 செ.மீ. வைத்தோம். அடுத்த மாதம் அதே இடத்தில் பேவர் பிளாக் பதித்தார்கள்: பேவர் 6 செ.மீ., அதற்கு அடியில் மணல் 3 செ.மீ. பெஞ்ச் 36 செ.மீ. ஆகிவிட்டது. அதில் உட்கார்ந்த ஒரு பாட்டியை இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. முடிந்த தரையிலிருந்துதான் அளக்க வேண்டும்.

உட்காரும் அகலம் 40 முதல் 45 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால் முதுகு சாய்வைத் தொடாது. நீளம் ஐந்தடி. ஒரு பக்கம் 90 செ.மீ. சமதளமாகக் காலியாக விடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் பக்கத்தில் நிறுத்திப் பேச முடியும்.

பெஞ்சுக்கு அடியில் காலி இடம் கட்டாயம். எழுந்திருக்கும்போது குதிகாலைப் பின்னால் இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்துத்தான் எழுகிறோம். நீங்களே ஒருமுறை காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு எழுந்து பாருங்கள், முடியாது. செங்கல்லால் முன்பக்கம் அடைத்துக் கட்டிய மேடையில் பெரியவர்கள் படும் பாடு இதுதான். மேடைதான் கட்ட முடியும் என்றால், அடியில் குதிகால் போக 10 செ.மீ. உள்வாங்கிக் கட்டச் சொல்லுங்கள்.

7. கல் வாங்குவது

பெங்களூரில் இந்த வேலைக்கு இரண்டு வழி. தேவனஹள்ளி பக்கத்துச் சாதரஹள்ளிச் சாம்பல் கல்லில் சப்படி, அதாவது தட்டையான கல் பலகை, வாங்கலாம். அல்லது ஜிகனி பக்கத்து கிரானைட் யார்டுகளில் வேண்டிய அளவுக்கு அறுத்து வாங்கலாம். பல யார்டுகளில் தமிழிலேயே பேசி வாங்கிவிடலாம். வெளியே வைக்கும் பெஞ்சுக்கு எனக்குச் சாதரஹள்ளிக் கல்தான் பிடிக்கும். வெளிர் நிறம், கறுப்பு கிரானைட் அளவுக்குச் சூடேறாது.

கண்ணாடி மாதிரி பாலிஷ் வேண்டாம். மழை ஈரத்தில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்தால் வழுக்கும். நெருப்பு காட்டிச் சொரசொரப்பாக்கிய ஃப்ளேம் ஃபினிஷ் கேளுங்கள். முன்விளிம்பை மட்டும் உருட்டி வழவழப்பாக்கச் சொல்லுங்கள். கூர்விளிம்பு தொடையில் குத்தும். தடுக்கி விழும் குழந்தைகளின் நெற்றியிலும் இடிக்கும்.

தடிமன் 3 அங்குலம். காசு குறைக்க 2 அங்குலம் எடுக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் பெஞ்சுக்கு அதை நான் ஒத்துக்கொள்வதில்லை. வாங்கும் முன் இரண்டு சோதனை. சின்னச் சுத்தியலால் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் அடைத்துப்போகும். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். கல் காய்ந்துகொண்டு வரும்போது முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு மட்டும் ஈரமாக நின்றால், அந்தக் கல் வேண்டாம்.

ஐந்தடிக்கு 18 அங்குலம், 3 அங்குலத் தடிமன் பலகை சுமார் 140 கிலோ. கால் ஒவ்வொன்றும் 16 அங்குல அகலம், 30 அங்குல உயரம், அதே தடிமன் என்றால் 60 கிலோவுக்கு மேல். ஒரு டாடா ஏஸ் தாராளமாகத் தாங்கும். ஆனால் இறக்க நான்கு ஆட்கள் வேண்டும். கூலியை யார்டில் ஏற்றும்போதே இறக்குவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

8. குழி, கால், பலகை

கால்கள் பலகையின் இரு முனையிலிருந்தும் அரை அடி உள்ளே தள்ளி நிற்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 45 செ.மீ. ஆழக் குழி. அடியில் 15 செ.மீ. கான்கிரீட் போட்டு, அது இறுகியபின் காலை நிறுத்துங்கள். அதில் 30 செ.மீ. மண்ணுக்குள் போகும். அடியில் கான்கிரீட் இல்லாமல் நட்டால் ஒரு மழைக்காலத்தில் ஒரு கால் இறங்கும், பெஞ்ச் சாயும்.

தூக்குக்குண்டு விட்டுக் காலை நேராக்குங்கள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு ரசமட்டம் பார்த்து உயரத்தைச் சமமாக்குங்கள். காலின் பின்பக்கம் மட்டும் முன்பக்கத்தைவிட 1 செ.மீ. தாழ்வாக இருக்கட்டும். மழைத்தண்ணீர் பின்னால் வடியும், உட்காருபவரும் முன்னால் சறுக்க மாட்டார். பின்னால் சுவர் இருந்தால் பலகைக்கும் சுவருக்கும் நடுவே துடைப்பம் போகும் அளவு இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் இலையும் தண்ணீரும் தேங்கும்.

காலைச் சுற்றிச் சிமென்ட் ஒன்று, எம்-சாண்ட் இரண்டு, 20 மி.மீ. ஜல்லி நான்கு என்ற கணக்கில் கான்கிரீட் கொட்டி, கம்பியால் குத்தி இறக்குங்கள். இனிமேல் பொறுமை வேண்டும். ஆட்கள் இருக்கிறார்கள், வண்டி நிற்கிறது என்று அன்றே பலகையை ஏற்றச் சொல்வார்கள். நான் பெயர்த்த இரண்டாவது பெஞ்ச் அப்படி ஏற்றியதுதான். 140 கிலோ மேலே உட்கார்ந்ததும் ஈரக் கான்கிரீட்டில் ஒரு கால் வெளிப்பக்கம் விரிந்துவிட்டது. ஏழு நாள் ஈரச்சாக்கு சுற்றித் தண்ணீர் விடுங்கள். அதற்குப் பிறகு பலகை.

பலகை தன் எடையிலேயே நிற்கும் என்று வெறுமனே வைக்கக் கூடாது. ஒவ்வொரு காலின் தலையிலும் இரண்டு துளை, பலகையின் அடியில் அதற்கு நேராக இரண்டு துளை. 12 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பித் துண்டைச் செருகி எபாக்ஸி பசை ஊற்றி உட்கார வையுங்கள். சாதாரணக் கம்பி துருப்பிடித்து ஊதி, கல்லையே பிளந்துவிடும்.

காலடித் தரையை மறந்துவிடாதீர்கள். முன்னால் இரண்டடிக்காவது பேவரோ கல்லோ பதிக்க வேண்டும். வெறும் மண்ணாக விட்டால், கால் தேய்ந்து தேய்ந்து பள்ளமாகி மழையில் குட்டையாகிவிடும்.

9. கைப்பிடியும் சாய்வும்

கைப்பிடி இல்லாத பெஞ்சில் இளைஞர்கள் உட்காருவார்கள், பெரியவர்கள் நின்றபடி பேசிவிட்டுப் போவார்கள். எழுந்திருக்கக் கை ஊன்ற ஏதாவது வேண்டும். கிரில் வேலை செய்பவரிடம் 304 தரத்து ஸ்டெயின்லெஸ் குழாய், ஒன்றரை அங்குலம், வளைத்துத் தரச் சொல்லுங்கள். கை வைக்கும் இடம் பலகையிலிருந்து 20 முதல் 23 செ.மீ. உயரம். அது பலகையின் முன்விளிம்பு வரை வர வேண்டும். பாதியில் நின்றால் எழும்போது கை பின்னால் இருக்கும், தள்ள முடியாது.

ஒரு முனையில் ஒன்று, நடுவிலிருந்து சற்றுத் தள்ளி இன்னொன்று போதும். சரிபாதியில் வைத்தால் யாரும் படுக்க முடியாது என்று சிலர் விரும்பிக் கேட்பார்கள். தலை சுற்றி வந்த ஒருவரைக் கொஞ்சம் சாய்த்துப் படுக்க வைக்கவாவது இடம் வேண்டாமா? ஒரு பக்கம் நீளமாக விட்டுவிடுங்கள்.

துளையைக் கல் விளிம்பிலிருந்து 8 செ.மீ. உள்ளேதான் போட வேண்டும். டயமண்ட் கோர் பிட் (கல்லைத் துளைக்கும் வைர முனைக் குழாய்) வைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே, அடிக்கும் முறை இல்லாமல் சுழற்றித் துளையிடச் சொல்லுங்கள். அடித்துத் துளைத்தால் ஓரம் தெறிக்கும்.

சாய்வு நேர் செங்குத்தாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் முதுகு நோகும். சுமார் 10 டிகிரி பின்னால் சாய்ந்த மரப்பட்டை இரண்டு, அதே குழாயில் பொருத்திவிடலாம். கல் சாய்வு குளிர்காலக் காலையில் முதுகில் ஜில்லென்று அடிக்கும்.

10. முதல் மாதம்

தினமும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். யாராவது செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தால் கல் ஈரமாகவோ சூடாகவோ எச்சமாகவோ இருக்கிறது என்று பொருள். கைப்பிடி உள்ள முனை மட்டும் எப்போதும் நிறைந்திருந்தால், மறு முனைக்கும் ஒன்று சேருங்கள். இருட்டிய பிறகு யாரும் வரவில்லை என்றால் விளக்கைப் பாருங்கள். வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் காலடித் தரையில் விழ வேண்டும்.

11. வீட்டு வாசலிலும் ஒன்று

கீழே எத்தனை பெஞ்ச் போட்டாலும், வாசலில் செருப்பு மாட்ட முடியாதவர் கீழே இறங்க மாட்டார். ஒற்றைக் காலில் நின்று வார் மாட்டும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், கதவு திறந்து மடங்கும் பக்கத்துக்கு எதிரில், கைவைத்த நாற்காலி ஒன்று போடுங்கள். ஸ்டூல் வேண்டாம், பக்கவாட்டில் பிடிமானம் கிடையாது. சக்கரம் வைத்த பழைய ஆபீஸ் நாற்காலியும் கூடவே கூடாது. எங்கள் மாடியில் லிஃப்டுக்கு எதிரிலும் ஒன்று வைத்திருக்கிறோம். பாதையை அடைக்காமல் சுவரோடு ஒட்டி, பால் பாக்கெட்டும் பார்சலும் அதன் மேல் வைக்கக் கூடாது என்று பக்கத்து வீடுகளோடு பேசி வைத்துக்கொண்டோம்.